வாசித்ததாகக் கொள்ளப்படும்

தமிழ்த்துறைக் கருத்தரங்குகளுக்குப் போய்வந்தவர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கமானதுதான். மணி ஒன்றரை. பட்டியலில் இன்னும் பதினோரு பேர். பின்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்துவிட்டது. அமர்வுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒலிவாங்கியை இழுத்துக்கொள்கிறார்: 'நேரமின்மை கருதி எஞ்சியுள்ள கட்டுரைகள் வாசித்ததாகக் கொள்ளப்படும்.' கைதட்டல். எழுந்து சாப்பிடப் போகிறோம்.

1994இல் அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருவன். எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். கட்டுரையைத் தட்டச்சுப் பயிலகத்தில் கொடுத்து அடித்து வாங்கி, பேராளர் கட்டணத்துக்கு வங்கி வரைவோலை எடுத்து, இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே போய், கல்லூரிக் குழாயடியில் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தவன். காலையில் குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரை மேல் வாழ்த்துரையாகப் பதினொன்றே முக்கால் வரை இழுத்தார்கள். என் முறை வரவில்லை. மாலையில் சான்றிதழ் கொடுத்தார்கள். 'கட்டுரை வாசித்தார்' என்று இறந்தகாலத்தில், தெளிவாக, மை கொட்டாமல் எழுதியிருந்தது. அந்தச் சான்றிதழைத்தான் பிறகு ஒரு நேர்காணலில் நீட்டினேன். வேலை கிடைத்தது. ஆகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறவன் அந்தப் பொய்யில் சோறு தின்றவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்டின் என்கிற ஆங்கில மெய்யியலாளர் 1955இல் ஹார்வர்டில் நிகழ்த்திய உரைகளில் (1962இல் நூலானது) சொற்களால் செயல் நிகழ்வது பற்றிப் பேசினார். 'இந்தக் கப்பலுக்கு இன்ன பெயர் இடுகிறேன்' என்றால் அது செய்தி அல்ல, செயல். நம் அமர்வுத் தலைவரின் வாக்கியமும் அந்த வகைதான், ஆனால் ஒருபடி மேலே. இது செயலைச் செய்யவில்லை. நடக்காத ஒரு செயலை நடந்ததாக்குகிறது. இலக்கணத்தையும் கவனியுங்கள். 'கொள்ளப்படும்' என்பது செயப்பாட்டுவினை. யார் கொள்வது? எழுவாய் கிடையாது. தலைவர் கொள்ளவில்லை, அவை கொள்ளவில்லை, நானும் கொள்ளவில்லை. கோப்பு கொள்கிறது. பேச்சு என்பது கோப்புக்குத் தேவையான சாக்கு. சாக்கு இல்லாமலே கோப்பு நிரம்பும் என்றால் பேச்சு எதற்கு?

இந்தக் கோப்பின் கணக்கு ரகசியமானதும் இல்லை. பல்கலைக்கழக மானியக்குழு 2010இல் ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிமுறையைக் கொண்டுவந்தது. 2018 விதிமுறைகளின் அட்டவணையில் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க இப்படிப் புள்ளி போட்டிருந்தார்கள்: வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு 7, உள்நாட்டிலேயே நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு 5, தேசியத்துக்கு 3, மாநில அல்லது பல்கலைக்கழக அளவுக்கு 2. ஊருக்கு ஊர் எல்லாக் கருத்தரங்கும் ஏன் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆயிற்று என்பதற்கு வேறு கோட்பாடு தேவையில்லை. ஐந்திலிருந்து மூன்றைக் கழித்தால் இரண்டு. அந்த இரண்டு புள்ளிக்காக மலேசியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒருவரைத் திரையில் தோன்றி வாழ்த்தச் சொன்னால் போதும். மாணவர் பக்கமும் இதே கதைதான். முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகள் வழங்கியிருக்க வேண்டும் என்று 2016 விதிமுறை சொன்னது. 2022 விதிமுறை அதை எடுத்துவிட்டது. விதி போனாலும் பழக்கம் போகவில்லை. சான்றிதழ் இல்லாத மாணவனை இன்னமும் சட்டை போடாதவனைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறோம்.

இதுவரை சொன்னதில் நம் சிறுபத்திரிகை நண்பர்களுக்கு மனவேறுபாடு இருக்காது. கல்வித்துறைத் தமிழாய்வைக் கேலி செய்வது நமக்கு நாற்பது வருடப் பழக்கம். 'அதில் மேலாண்மைச் சிந்தனைகள்', 'இதில் சுற்றுச்சூழல் சிந்தனைகள்' என்று வரும் தலைப்புகளைப் படித்து டீக்கடையில் சிரித்திருக்கிறோம். நானும்தான். ஆனால் அந்தச் சிரிப்பை இப்போது கொஞ்சம் சந்தேகிக்கிறேன். யாரைப் பார்த்துச் சிரித்தோம்? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பிள்ளை, ஒலிவாங்கியின் முன்னால் தன் வாழ்நாளில் முதல்முறையாக நிற்கிறது. கை நடுங்குகிறது. 'அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கங்கள்' என்று ஆரம்பிக்கிறது, நாம் வாயைப் பொத்திக்கொள்கிறோம். நிறுவனத்தை விமர்சிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நிறுவனத்தின் வாசலில் தடுமாறுகிறவர்களை விமர்சித்திருக்கிறோம். நிறுவனத்தின் உள்ளே சௌகரியமாக இருந்தவர்களில் பலர் நம் சந்தாதாரர்கள். நண்பர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

எர்விங் காஃப்மன் விரிவுரை என்ற வடிவம் பற்றியே ஒரு விரிவுரை செய்தார்; 1981இல் வந்த அவரது நூலில் அது இருக்கிறது. மேடையில் பேசுகிறவரை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். வாயை அசைத்து ஒலி எழுப்புகிறவர் ஒருவர், சொற்களைத் தேர்ந்து எழுதியவர் இன்னொருவர், அந்தச் சொற்களின் நிலைப்பாட்டுக்குப் பொறுப்பேற்பவர் மூன்றாமவர். ஒரே உடம்பில் மூவரும் இருப்பதாக நாம் பாவித்துக்கொள்கிறோம். இதைத் தமிழ்த்துறை மாணவர்மீது பொருத்திப்பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஒலி எழுப்புகிறவர் மாணவர். எழுதியவர்கள் மு.வ.வும் இன்ன பிறரும். மேற்கோள் மேற்கோளாக ஒட்டிவைத்தது. பொறுப்பேற்பவர் நெறியாளர், அவர் பெயர் கட்டுரையின் தலையில், சிலசமயம் மாணவர் பெயருக்கும் முன்னால் இருக்கிறது. மூன்று இருக்கையில் இரண்டு வேறு ஆட்களுக்கு ஒதுக்கப்பட்டாயிற்று. மாணவரின் சொந்த வாக்கியம் எங்கே உட்காரும்?

அது எங்கே உட்காருகிறது என்பதைப் பல வருடங்கள் அமர்வுகளில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். கட்டுரை நான்கு பக்கம். முதல் பக்கத்தில் இலக்கியம் என்றால் என்ன என்று அகராதி விளக்கம். இரண்டாவது பக்கத்தில் அறிஞர் கருத்துகள். மூன்றாவதில் நூலாசிரியர் வரலாறு. மாணவர் தானாகக் கண்டுபிடித்த ஏதோ ஒன்று, சின்னதாக இருக்கலாம், ஒரு சொல்லின் பயன்பாடு, ஒரு ஊர்ப் பழக்கம், நான்காவது பக்கத்தின் நடுவில் இருக்கும். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் என்றால் எட்டாவது நிமிடத்தில் அங்கே வருவார். மணி எப்போது அடிக்கிறது? ஏழாவது நிமிடத்தில். 'முடிவுரைக்கு வாம்மா' என்கிறார் தலைவர். பாய்ந்து முடிவுரைக்குப் போகிறார். ஆக, மற்றவர்களின் பெயர்கள் எல்லாம் சத்தமாக ஒலித்தபின் அவருடையது மட்டும் வாசித்ததாகக் கொள்ளப்படுகிறது. இது தற்செயல் அல்ல. அந்தக் கட்டுரைச் சட்டகத்தின் வேலையே இதுதான். என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் இப்போது ஒன்றுதான் சொல்கிறேன்: நாலாம் பக்கத்திலிருந்து படி. முதல் மூன்று பக்கம் வேண்டுமானால் வாசித்ததாகக் கொள்ளப்படட்டும்.

திருக்குறளில் அவை பற்றி அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 72ஆவது அவையறிதல், 73ஆவது அவையஞ்சாமை. நாம் பயிற்சி என்று கொடுப்பதெல்லாம் இரண்டாவதுதான். 'பயப்படாமப் பேசு, கண்ணப் பாத்துப் பேசு.' முந்தையதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த அறையில் யார் இருக்கிறார்கள், இவர்களுக்கு என்ன தெரியும், எது தெரியாது, எதைச் சொன்னால் இவர்கள் காதை மூடிக்கொள்வார்கள்? அதைச் சொல்லிக்கொடுத்தால் அவையில் இருக்கும் நம்மைப் பற்றியே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதனால்தானோ என்னவோ.

*

இப்போது சுவரொட்டி விஷயத்துக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கட்டுரை வழங்க ஆள் கூடிக்கொண்டே போனதால் அறிவியல் மாநாடுகள் 1970களில் இந்த வடிவத்தைப் பரவலாக எடுத்துக்கொண்டன. எல்லாரையும் மேடையேற்ற முடியாது, ஆகவே ஆய்வைத் தாளில் எழுதிச் சுவரில் மாட்டு, பக்கத்தில் நில், கேட்கிறவனுக்குச் சொல். வந்தது இடநெருக்கடியால் என்றாலும் இதற்குள் ஒரு சனநாயகச் சாத்தியம் இருக்கிறது. மேடை இல்லை, மணி இல்லை, அமர்வுத் தலைவர் இல்லை. ஒருவர் கேட்கிறார், ஒருவர் சொல்கிறார். 2019இல் மைக் மாரிசன் என்கிற அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர், சுவரொட்டியின் நடுவில் ஆய்வின் முடிவை ஒரே சாதாரண வாக்கியமாகக் கொட்டை எழுத்தில் போடுங்கள், மற்றதெல்லாம் ஓரத்துக்குப் போகட்டும் என்று சொல்லி ஒரு காணொளி வெளியிட்டார். உலகம் முழுக்கப் பரவிற்று. நாலாம் பக்கத்தை முதலில் படி என்று நான் சொன்னதும் அதுதான், எனக்குக் காணொளி எடுக்கத் தெரியாது.

தமிழ்த்துறைகளுக்கு இந்த வடிவம் அறிவியல் துறைகள் வழியாகத் தாமதமாக வந்து சேர்ந்தது. ஆனால் சுவரொட்டி நமக்குப் புதிதா? தமிழில் போஸ்டர் என்றால் சினிமா, கட்சி, கண்ணீர் அஞ்சலி. தேடி வராதவனையும் வழிமறித்துப் பேசுவது. பஸ் ஸ்டாண்டில் மூத்திரம் பெய்ய ஒதுங்குகிறவனுக்கும் அரசியல் சொன்னது. ஆடு தின்றாலும் மறுநாள் அதே இடத்தில் ஒட்டப்பட்டது. இந்த மண்ணில் எழுத்தறிவும் அரசியலும் சேர்ந்து நடந்த இடம் சுவர். அப்படிப்பட்ட ஒரு வடிவம் கல்லூரி அரங்குக்குள் நுழைந்ததும் என்ன ஆயிற்று என்றால், தெருவைப் பார்த்து நின்றது நடுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

இதைத் தயாரிக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். மாணவர்கள் நேராக ஃபிளெக்ஸ் கடைக்குத்தான் போகிறார்கள். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, தலைவர் பிறந்தநாள், இறந்தநாள் எல்லாவற்றுக்கும் அடிக்கிற அதே கடை, அதே சதுர அடிக் கணக்கு. கடைப் பையன் தன்னிடம் இருக்கும் அமைப்புகளில் ஒன்றைத் திறக்கிறான். ஓரத்தில் ரோஜாப்பூ, மேலே இரண்டு பக்கமும் வட்டத்துக்குள் முகம். ஆய்வு மாணவர் முகம் ஒரு வட்டத்தில், நெறியாளர் முகம் இன்னொரு வட்டத்தில், நடுவில் வள்ளுவர். மாணவர் கொண்டுவந்த கோப்பைத் திறந்தால் எழுத்துரு ஒத்துவராமல் ஒற்றெல்லாம் கட்டங்கட்டமாக நிற்கும். ஒருங்குறி வந்து இத்தனை வருடமாகியும் அச்சுக் கடைகளில் பழைய எழுத்துருக்கள் சாகவில்லை. பையன் உட்கார்ந்து கையால் திருத்துகிறான். 'அக்கா, இது கருதுகோளா கருத்துகோளா?' என்று கேட்கிறான். பலருடைய ஆய்வை வரிவரியாகப் படித்த ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான் என்று தோன்றுகிறது. நான் நக்கலுக்குச் சொல்லவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் மாணவர் கருத்தரங்கில் சுவரொட்டிப் பிரிவுக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். மூன்று நடுவர்கள். கையில் ஒரு மதிப்பெண் தாள் கொடுத்தார்கள்: தலைப்பு, நோக்கம், முறையியல், முடிவு, வடிவமைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து. முப்பத்துச்சொச்சம் சுவரொட்டிகள் பார்த்தோம். அவற்றில் ஒன்று உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த முதுகலை மாணவி ஒருத்தியுடையது. பனையேறிகளின் தொழிற்சொற்கள் பற்றியது. முகங்கள் இல்லை, வள்ளுவர் இல்லை. நடுவில் ஒரு பனையை அந்தப் பெண்ணே கையால் வரைந்து, வேரிலிருந்து குருத்து வரை நாற்பது சொற்களை அந்தந்த இடத்தில் எழுதியிருந்தாள். அலகுப்பனை, பருவப்பனை இரண்டுக்கும் தனித்தனிப் படம்; ஆண்பனைப் பாளையைப் பக்குவப்படுத்துவதும் பெண்பனைப் பாளையைப் பக்குவப்படுத்துவதும் ஒன்றல்ல என்பதால் சொற்களும் பிரிகின்றன என்று காட்டியிருந்தாள். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது, தடவாவிட்டால் பதநீர் கள்ளாவது, விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவது என்று சொற்கள் மரத்தை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகின்றன. சுவரில் ஒரு தடி சாத்தி வைத்திருந்தாள். மிருக்குத்தடி.

'இது என்னம்மா?' என்றார் மூத்த நடுவர்.

'மிருக்குத்தடி ஐயா. எங்கப்பா இத மரத்துல சாத்தி வச்சுதான் ஏறுவாவ.'

'ஏறுவார்னு சொல்லும்மா. தமிழ் படிக்கிற பொண்ணு.'

'ஏறுவார் ஐயா' என்றாள் உடனே.

ஏறுவாவ என்பது கொச்சை அல்ல, அந்த வட்டாரத்தின் மரியாதைப் பன்மை. ஏறுவார் என்பதற்குச் சற்றும் குறையாத மதிப்பு அதில் இருக்கிறது. அவள் காதுக்குக் கூடுதலாகவே இருக்கும். தொழிற்சொற்களைப் பற்றிய சுவரொட்டியின் முன்னால் நின்றுகொண்டு அந்தச் சொற்கள் வாழும் வாக்கியத்தை நாங்கள் திருத்தினோம். நாங்கள் என்றுதான் சொல்ல வேண்டும், நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் அடுத்ததாக, தொல்காப்பியர் பனையை எந்த வகையில் சேர்க்கிறார் என்று கேட்டார். 'புல்லுன்னு சொல்றார் ஐயா' என்றாள். பதில் சரி. மரபியலில் புறத்தே வயிரம் உள்ளவை புல், அகத்தே வயிரம் உள்ளவை மரம். 'ஆனா ஏறுதவங்க மரம்னுதான் சொல்லுவாங்க' என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நடுவருக்கு அது பிடிக்கவில்லை. உண்மையில் அன்றைக்கு நடந்த ஒரே உரையாடல் அதுதான். பனையைப் புல்லினத்தோடு ஒருவித்திலையில் வைக்கிறது தாவரவியல், தொல்காப்பியம் அதன் பக்கத்தில் நிற்கிறது, ஏறுகிறவனின் தொடையும் நெஞ்சும் அதை மரம் என்கின்றன. மூன்று அறிதல்முறைகள். அரைமணி நேரம் பேசியிருக்கலாம். அடுத்த சுவரொட்டிக்கு நகர்ந்தோம்.

நகர்வதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்டேன். எனக்கு நாட்டார் வழக்காற்றியல் பயிற்சி உண்டு, ஆகவே அந்தப் பயிற்சி கேட்டது: 'தகவலாளி விவரம் எங்கம்மா?' பெயர், வயது, சாதி, தொழில், ஊர் என்று பின்னிணைப்பில் போடுகிற பட்டியல். அது இல்லை. அவள் கொஞ்சநேரம் சும்மா நின்றாள். 'எங்கப்பாகிட்டதான் எல்லாம் கேட்டேன் ஐயா. எங்கப்பாவத் தகவலாளின்னு எழுத ஒருமாதிரி இருந்துச்சு' என்றாள்.

தலையாட்டிவிட்டு வந்தேன். தாளில் முறையியலுக்குப் பத்துக்கு நான்கு போட்டேன். பெண்ணுக்குப் பரிசு இல்லை. சங்க இலக்கியத்தில் மேலாண்மைச் சிந்தனைகள் முதல் பரிசு வாங்கிற்று. வடிவமைப்பில் பத்துக்கு ஒன்பது.

அந்த நான்கைப் பற்றித்தான் மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மிஷெல் ஃபூக்கோ 1970 டிசம்பர் 2ஆம் தேதி கொலேஜ் த ஃபிரான்சில் ஆற்றிய தொடக்கவுரையில் சொல்லாடலைக் கட்டுப்படுத்தும் நடைமுறைகளை விவரிக்கும்போது மெண்டலை எடுத்துக்கொள்கிறார். மெண்டல் தன் பட்டாணிச்செடிச் சோதனைகளை 1865 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இரண்டு மாலைகளில் புரூன் நகர இயற்கை அறிவியல் கழகக் கூட்டத்தில் வாசித்தார். அதாவது கருத்தரங்கக் கட்டுரை. 1866இல் அச்சாயிற்று. 1900இல்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஃபூக்கோ சொல்வது, மெண்டல் சொன்னது உண்மைதான், ஆனால் அந்தக் காலத்து உயிரியல் எதை உண்மைக்கான வாக்கியமாக ஏற்கத் தயாராக இருந்ததோ அந்த எல்லைக்குள் அவர் நிற்கவில்லை. தவறான வாக்கியம்கூட துறைக்குள் இடம்பெற முடியும். எல்லைக்கு வெளியே நிற்கும் சரியான வாக்கியத்துக்கு இடமில்லை. இதை நான் வகுப்பில் இருபது வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதைப் பற்றி இந்த மாதிரி இதழ்களில் எழுதியுமிருக்கிறேன். எல்லைக் காவலர் யாரோ ஒரு ஆள், தொப்பி போட்டவர், என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அவளை மெண்டலோடு ஒப்பிடவில்லை. அவள் நாற்பது சொற்களைச் சேகரித்தாள், அவ்வளவுதான். அதில் ஐந்தாறு அகராதிகளிலும் இருக்கும். நான் சொல்ல வருவது அந்தத் 'தகவலாளி' என்கிற சொல்லைப் பற்றி. நாட்டார் ஆய்வின் முறையியல் முழுவதும் ஒரு பிரிவின்மேல் நிற்கிறது: அறிகிறவன் இந்தப் பக்கம், அறியப்படுகிறவன் அந்தப் பக்கம். இந்தப் பகுதிக்கே அதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. கால்டுவெல் திருநெல்வேலிப் பனையேறிச் சமூகத்தைப் பற்றி 1849இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அந்தச் சமூகம் பின்னால் அதைக் கடுமையாக எதிர்த்தது. இடையன்குடியில் அவர்களோடேயே வாழ்ந்தவர், அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர், ஆனால் எழுத உட்கார்ந்ததும் அவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவருக்குக் கிடைத்த தகவலாளிகளின் கொள்ளுப்பேத்தி ஒருத்தி இப்போது சுவரொட்டியோடு நிற்கிறாள். இரண்டு பக்கத்திலும் ஒரே ஆள் நிற்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டத்தை நிரப்ப வேண்டுமானால் அவள் தகப்பனை அந்தப் பக்கம் தள்ளி, வயதும் சாதியும் போட்டு, கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அவளால் முடியவில்லை. முடியாமல் போனதுதான் அந்தச் சுவரொட்டியின் முறையியல் பற்றிய மிகக் கூர்மையான குறிப்பு. அதை நான் குறைபாடு என்று வாசித்தேன்.

மறுபக்கத்தையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் இது வெறும் குற்றவுணர்வுப் புலம்பலாகிவிடும். தகவலாளி விவரம் என்பது வெற்றுச் சடங்கல்ல. சொன்னவர் பெயரைப் போடாமல் ஆய்வாளர் தன் பெயரில் போட்டுக்கொண்ட கொள்ளைக்கு எதிராக வந்த ஏற்பாடு அது. பெயர் போட வேண்டும். அவளுடைய அப்பாவின் பெயர் எங்கேயும் இல்லாமல் போனது சரியா என்றால், இல்லை. என் கேள்வி தப்பில்லை. நான் கேட்டது பட்டியலுக்காக, அதுதான் தப்பு. 'அப்பா பெயரை ஏன்மா போடல? உன் பெயருக்குப் பக்கத்துல போட்டிருக்கலாமே, இணையாசிரியரா' என்று கேட்டிருந்தால் வேறு பேச்சு நடந்திருக்கும். நெறியாளர் பெயரைக் கூச்சமில்லாமல் இணையாசிரியராகப் போடுகிற துறையில், மரம் ஏறியவர் பெயருக்கு மட்டும் பின்னிணைப்பு.

மரபிலிருந்து ஒன்றை நினைவுபடுத்தலாம். மரபைக் கூப்பிட்டாலே சிலருக்கு முகம் சுளிக்கும், இருந்தாலும். இறையனார் களவியலுக்கு நாற்பத்தொன்பது புலவர்களும் ஆளுக்கொரு உரை எழுதிவிட்டுச் சண்டை போட்டதாகக் கதை. எது மெய்யுரை என்று சொல்ல ஒரு நடுவர் தேவை. உருத்திரசன்மன் என்கிற ஐந்து வயது ஊமைப் பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள். நக்கீரர் வாசித்தபோது பிள்ளைக்குக் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தது. அதுவே உரை என்று முடிவாயிற்று. இந்தக் கதையில் தெய்வீகம் நிறைய, அதிகாரமும் நிறைய, கட்டுடைத்தால் சிலுவலாகக் கொட்டும். எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றுதான்: நடுவரால் பேச முடியாது. கேட்க மட்டும் முடியும். கட்டுரை வாசிக்கிற பிள்ளைக்கு ஏழு நிமிடமும் தன் அனுபவத்தைச் சொல்லத் தலைவருக்கு இருபது நிமிடமும் ஒதுக்குகிற நம் அமர்வுகளில் அந்தப் பிள்ளையை உட்காரவைக்கலாம்.

நன்னூல் இன்னொரு காரியம் செய்கிறது. தற்புகழ்ச்சி குற்றம் என்று சொல்லிவிட்டு, சில இடங்களில் அது தகும் என்று விலக்குக் கொடுக்கிறது. தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவே, அவையில் வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்தபோது. அவையடக்கம் அவையடக்கம் என்று முதல் தலைமுறைப் பிள்ளைகளிடம் மட்டும் ஓதுகிறோமே, அந்தச் சூத்திரத்தையும் சேர்த்துச் சொல்லலாம். அந்தப் பெண் நின்ற இடத்தில் மூன்று நிபந்தனைகளும் பொருந்தின.

அன்று மாலை அரங்கைக் காலி செய்யும்போது அவள் ஃபிளெக்ஸைக் கவனமாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பத்திரமா வச்சுக்கோம்மா என்று ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். 'அப்பா கேட்டாவ ஐயா, விடிலிப் பக்கத்துல ஓலை விறகு நனையாம மூட ஆகும்னு' என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு 'கேட்டார்' என்றாள்.

ஒருங்கிணைப்பாளரைத் தேடிப் போய், ஒரு மதிப்பெண்ணை மாற்ற வேண்டும் என்றேன். 'கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு ஐயா, சான்றிதழும் அடிச்சாச்சு' என்றார். பயணப்படிப் படிவத்தை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். இந்த வருடமும் அழைப்பு வந்திருக்கிறது, அதே மதிப்பெண் தாளோடு. முறையியல் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'யாரிடமிருந்து கற்றார், அவரை எப்படிக் குறிக்கிறார்' என்று எழுதி, நடுவர்கள் திருத்திப் பேசக்கூடாது என்றும் ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.